வளையம் விழாத மரம்

அக்காவுக்குப் பிளம்ஸ் தோட்டம். தம்பிக்கு, அந்த மரங்களுக்கு வரும் நோயோடு மல்லுக்கட்டுகிற உத்தியோகம். ஒரே வீட்டில் பிறந்த இருவருக்கும் இப்படி வாய்த்தது தற்செயல்தான். அக்காவின் கணவர் மட்டும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். "அவ நோயாளிய வளக்குறா, இவன் வைத்தியம் பாக்குறான். நடுவுல நான் சம்பளம் இல்லாத கம்பவுண்டர்" என்பார். பல வருடமாகச் சொல்லித் தேய்ந்துபோன அந்த நகைச்சுவைக்கு இன்றைக்கும் முதலில் சிரிப்பவர் அவர்தான்.

நோய்க்கு ஆராய்ச்சி நிலையத்தில் நீளமான பெயர் ஒன்று உண்டு. தோட்டக்காரர்களுக்கு அது வளைய நோய். இலையில் வெளிறிய வளையங்கள் விழும். பழத்தில் பள்ளம் பள்ளமாக அமுங்கும், பழுப்பதற்கு முன்பே உதிர்ந்து தரையை மூடிவிடும். பீச், பிளம்ஸ், ஆப்ரிகாட் என்று நடுவில் ஒற்றைக் கொட்டை வைத்திருக்கும் எந்தப் பழமரத்தையும் அது விடாது. வைரஸ் என்பதால் மருந்தும் கிடையாது. நோய் பிடித்த இலையில் வாய் வைத்த செடிப்பேன் அடுத்த மரத்தில் போய் உட்கார்ந்தால் நோயும் கூடவே போய் உட்காரும். நோயுள்ள மரத்தின் குச்சியை வெட்டி ஒட்டுக் கட்டினாலும் அப்படித்தான். வந்த மரத்தை வேரோடு பிடுங்கி எறிவது ஒன்றே வழி.

அக்காவின் பழைய மரங்களெல்லாம் அப்படிப் பிடுங்கப்பட்டவைதான். அவை போன பிறகு நிலம் வெறுமையாகக் கிடந்தபோது, தம்பி தன் வேலையின் பலனை அங்கே கொண்டுவந்து நட்டான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் செய்துவந்தது ஒன்றுதான். ஒரு மரத்தின் மகரந்தத்தை இன்னொரு மரத்தின் பூவில் தடவுவான். அதில் விளையும் கொட்டைகளை முளைக்க வைப்பான். முளைத்த செடிகளில் நோயுள்ள மரத்தின் மொட்டை ஒட்டுக் கட்டி, வேண்டுமென்றே நோயை ஏற்றிவிட்டு, எது தாங்குகிறது என்று பார்ப்பான். ஏறக்குறைய எல்லாச் செடிகளிலும் வளையம் விழுந்தது. ஒன்றில் மட்டும் விழவில்லை. அந்த ஒன்றிலிருந்து பெருக்கிய கன்றுகளைத்தான் அக்காவின் நிலத்தில் சோதனைக்காக வைத்தான். ஒரே ஒரு நிபந்தனை போட்டான். சோதனை முடிகிறவரை யாருக்கும் ஒரு குச்சிகூடக் கொடுக்கக் கூடாது.

கன்றுகள் மரமாயின, காய்த்தன. கறுப்பு ஓடிய ஊதா நிறம். உள்ளங்கையை நிறைக்கும் பழம். இரண்டாகப் பிட்டால் கொட்டை தானாகக் கழன்று வரும். சுற்றுவட்டாரத் தோட்டங்களில் மரங்கள் ஒவ்வொன்றாக வளையம் கண்டு போய்க்கொண்டிருக்க, அக்காவின் மரங்கள் மட்டும் குளித்துத் தலை துவட்டியதுபோல் நின்றன. அக்கா அவற்றுக்குத் 'தம்பி மரம்' என்று பெயர் வைத்துவிட்டாள். எடுத்த காரியம் எதிலும் பாதியில் நின்றுவிடுகிறவன் என்று சிறுவயதில் வீட்டில் பேர் வாங்கியிருந்த தம்பிக்கு, அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் காது சிவக்கும். வேண்டாம் என்று மட்டும் அவன் ஒருநாளும் சொன்னதில்லை.

அறுவடை முடியும் தறுவாயில், ஒரு விடுமுறை நாளன்று தம்பி தோட்டத்துக்கு வந்திருந்தான். பழம் தரம் பிரிக்கிற கொட்டகையில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். மனைவி போன பிறகு பீச் மரங்களே கதி என்று இருக்கும் அமைதியான மனிதர். சட்டைப் பையிலிருந்து மடித்த கைக்குட்டையை எடுத்து மேசையில் விரித்தார். உள்ளே ஒரு பீச் இலை.

"தம்பி, இத கொஞ்சம் பாருங்க."

உற்றுப் பார்க்கவே தேவையில்லை. இலையின் நரம்போரமாக வெளிறிய வளையங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடந்தன.

"எந்தப் பக்கத்து மரம்ணே?"

"வேலி ஓரம்." சொன்னவர் உடனே அக்காவின் முகத்தைப் பார்த்தார். "நான் ஒண்ணும் சொல்ல வரலம்மா. எங்க இருக்குன்னு கேட்டாரு, சொன்னேன். அவ்வளவுதான்."

"என் மரத்துல ஒரு இலை, ஒரே ஒரு இலை அப்படி இருந்தா காட்டுங்கண்ணா" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. பிள்ளை முதல் மதிப்பெண் வாங்கியிருக்கும்போது வாத்தியார் வீட்டுக்கு வந்தால் ஒரு தாய்க்கு இருக்கும் தைரியம்தான் இருந்தது.

தம்பி இரண்டு பக்கமும் போய் இலைகளைப் பறித்துப் பைகளில் போட்டுக்கொண்டான்.

"என் மரத்துல எதுக்குடா பறிக்கிற?"

"சும்மாக்கா. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு."

மறுநாள் ஆய்வகத்தில் இலைகளை அரைத்து, சாற்றைச் சின்னச் சின்னக் குழிகள் உள்ள தட்டில் விட்டான். வைரஸ் இருந்தால் அந்தக் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரி நிற்கும். பக்கத்துத் தோட்டத்துக் குழிகள் மஞ்சளாயின. அதை எதிர்பார்த்துத்தான் இருந்தான். அதே தட்டின் மறுபாதியில் அக்காவின் மரங்களுக்கான குழிகள் இன்னும் அடர்த்தியான மஞ்சளில் இருந்தன. தட்டு மாறிவிட்டதோ என்று நினைத்தான். கையில் ஒட்டியிருந்தது கலந்துவிட்டதோ என்று நினைத்தான். புதிதாக இலை வரவழைத்து, கையுறை மாற்றி, மறுபடி செய்தான். மறுபடியும் அதே மஞ்சள்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபோதுதான் அவனுக்குப் புரிந்தது. கன்றாக இருந்தபோது செய்த சோதனையில் வைரஸ் தெரியவில்லை. அப்போது அது கண்ணுக்கு அகப்படாத அளவில் எங்கோ ஒரு கிளையில் பதுங்கியிருந்திருக்கும். அதற்குப் பிறகு வளையம் விழவில்லையே என்று கண்ணை நம்பிவிட்டான். மரம் நோயை விரட்டிவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். மரமோ நோயோடு ஒத்துப்போய்க் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. தனக்கு எந்தக் குறையும் இல்லாமல், வந்து போகிற செடிப்பேனுக்கெல்லாம் அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது. நோயில் வாடுகிற மரத்தையாவது பார்த்ததும் வெட்டிவிடலாம். இதை யார் வெட்டுவார்கள்?

அந்த நேரம் பார்த்து ஒட்டம்மா உள்ளே வந்தாள். நிலையத்தில் ஒட்டுக் கட்டும் வேலை முழுக்க அவள் கையில்தான். அவள் சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவள் ஒட்டம்மா.

"அந்தக் கடைசி மேசைச் செடிங்க என் மானத்த வாங்குது சார்" என்றாள். "நோய் மொட்ட வச்சுக் கட்டுறேன். ஒண்ணுகூடப் பிடிக்க மாட்டேங்குது. வச்ச இடமே கருகிப் போகுது. பக்கத்து மேசையில அத்தனையும் பிடிச்சிருக்கு. கத்தி மாத்திப் பாத்துட்டேன், நாடா மாத்திப் பாத்துட்டேன்."

"திரும்பக் கட்டிப் பாருங்கம்மா" என்றான் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மூணாவது தடவ சார் இது." சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு அவள் போய்விட்டாள். கதவு வழக்கத்தைவிடச் சத்தமாகச் சாத்தப்பட்டது அவன் காதில் விழவே இல்லை.

அக்காவிடம் அதைத் தொலைபேசியில் சொல்ல அவனுக்கு மனமில்லை. நேரில் போனான். அவள் சமையலறையில் கண்ணாடிப் போத்தல்களைக் கொதிநீரில் அலசிக்கொண்டிருந்தாள். மாமா துணியால் துடைத்து வரிசையாகக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். தம்பி சுற்றி வளைக்காமல் சொன்னான். நோய் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை, இந்தப் பக்கத்திலிருந்துதான் போயிருக்கிறது. மரங்களை எடுத்தாக வேண்டும்.

அக்கா போத்தலைக் கீழே வைக்கவில்லை. "யார் மரத்த?"

"நம்ம மரத்தக்கா."

"நோயே வராத மரத்த."

"நோய் வந்த மரம்தான். வெளிய காட்டல."

"காட்டலேன்னா அப்புறம் என்னடா நோய்? பழம் காய்க்குது, இலை பளபளன்னு இருக்கு. எனக்குக்கூடத்தான் முட்டி வலி இருக்கு. என்னையும் தூக்கிப் போட்டுடுவியா?"

"உன் முட்டி வலி பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒட்டாதேக்கா."

மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்ததும் அதைத் துணியால் துடைத்துக்கொண்டார்.

"உன் மெஷின் தப்பா சொல்லாதா?"

"ரெண்டு தடவ பாத்தேன்."

"அன்னைக்கு ஒண்ணும் இல்லேன்னு சொன்னதும் அதே மெஷின்தானே?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னலருகே போய் நின்றாள். அங்கிருந்து தோட்டத்தின் முதல் வரிசை தெரியும்.

"சட்டம் இருக்குல்ல? போய்ச் சொல்லு. ஆபீசர கூட்டிட்டு வா, வண்டிய கொண்டுவந்து பிடுங்கு. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா என்ன சரின்னு சொல்லச் சொல்லாத."

"நீ சரின்னு சொல்லணும்க்கா" என்றான் தம்பி. "மெஷின நம்ப வேண்டாம். என்னையும் நம்ப வேண்டாம். நீயே பாரு. ரெண்டு தொட்டி கொண்டுவந்து வைக்கிறேன்."

நோய்த் தடுப்பு அதிகாரியிடம் அவன் மறைக்கவில்லை. விவரத்தைச் சொன்னான். செடிப்பேன் அண்டாமல் மருந்து அடித்துக்கொண்டிருந்தால், இலையுதிர்வதற்குள் மரங்களை எடுத்தால் போதும் என்று அவர் அவகாசம் கொடுத்தார்.

அந்த வாரமே ஒட்டம்மா இரண்டு தொட்டிகளோடு அக்கா வீட்டுக்கு வந்து இறங்கினாள். கொட்டையிலிருந்து முளைத்த இளம் பீச் செடிகள். நோய் இல்லாதவை என்று நிலையத்தில் வலைக்குள்ளேயே வளர்ந்தவை. அக்காவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், "எந்த மரம் ரொம்ப நல்ல மரம்னு நினைக்கிறீங்களோ, அதுல நீங்களே ஒரு குச்சி வெட்டுங்க" என்றாள். அக்கா யோசித்து, காய்ப்பிலும் அழகிலும் முதலாவதாக நின்ற மரத்தில் வெட்டிக் கொடுத்தாள். ஒட்டம்மா அதிலிருந்து ஒரு மொட்டைச் சீவியெடுத்து, ஒரு பீச் செடியின் பட்டையைக் கீறிச் செருகி நாடா சுற்றினாள். மற்றச் செடியின் பட்டையிலும் அதே மாதிரி ஒரு கீறல் போட்டு, ஒன்றும் வைக்காமல் சுற்றினாள். பக்கத்தில் புதுத் தளிர் விடட்டும் என்று இரண்டுக்கும் மேல்தலையைக் கிள்ளிவிட்டாள்.

"எதுக்குப் பீச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"பீச்சுக்கு மறைக்கத் தெரியாதும்மா. உள்ள இருந்தா வெளிய காட்டிடும்."

தொட்டிகளைப் பின்கட்டில் கண்ணாடி போட்ட அறையில் வைத்து, பூச்சி நுழையாத மெல்லிய வலையால் மூடிவிட்டு ஒட்டம்மா போய்விட்டாள்.

அதன் பிறகு அக்கா தம்பியிடம் பேசவில்லை. செய்திகள் மாமா வழியாக வந்தன. "மாப்ள, ரெண்டுக்கும் ஒரே டம்ளர்ல தண்ணி ஊத்துறா. எதுக்கும் ஒரு சொட்டு கூடப் போயிடக் கூடாதாம்." அடுத்த வாரம், "பக்கத்துல புதுத் தளிர் விட்டிருக்கு மாப்ள. ரெண்டுலயும்." அதற்கடுத்து, "காலையில எந்திரிச்சதும் மூக்குக்கண்ணாடிய மாட்டிட்டு நேரா அங்கதான் போறா. எனக்கு டீ நானே போட்டுக்கறேன்."

பிறகு செய்தி நின்றது. தம்பி தானாகக் கேட்கவில்லை. கேட்டால் அவசரப்படுத்துகிற மாதிரி இருக்கும் என்று பொறுத்திருந்தான். அந்தப் பொறுமை அவனுக்குச் சுலபமாக வரவில்லை.

ஒருநாள் அக்காவே கூப்பிட்டாள். "வா" என்றாள்.

அவன் போனபோது அவள் கண்ணாடி அறையில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். வலையை விலக்காமலே தெரிந்தது. வெறும் கீறல் போட்ட செடி விறைப்பாகப் பச்சையாக நின்றது. மொட்டு வைத்த செடியின் புதுத் தளிர்களில் இலை ஓரம் சுருண்டிருந்தது. விரிந்த இலைகளில் நரம்புக்கு நரம்பு வெளிறிப்போய், சின்னச் சின்ன வளையங்கள்.

"பாத்துட்டேன்டா" என்றாள் அக்கா. "முந்தாநாளே பாத்துட்டேன். நேத்து பூரா வெயில் பட்டதால இருக்குமோன்னு சொல்லிட்டு இருந்தேன், உங்க மாமாகிட்ட. ரெண்டு தொட்டிக்கும் ஒரே வெயில்தானேன்னாரு அவரு. அந்த மனுஷன் வாழ்க்கையில உருப்படியா சொன்ன ஒரே வார்த்த."

தம்பி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"எடுத்துடலாம்" என்றாள். பிறகு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். "இன்னொண்ணு இருக்கு. நீ திட்டு. ஆனா முழுசா கேட்டுட்டுத் திட்டு."

அவன் திரும்பிப் பார்த்தான்.

"குச்சி கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"மூணு பேருக்கு. ஆத்துக்கு அந்தப் பக்கம் ரெண்டு தோட்டம், அப்புறம் செங்கல் சூளைக்குப் பின்னால மீசைக்காரர் தோட்டம். மரமெல்லாம் போச்சுன்னு வந்து நின்னாங்கடா. அவங்க முகத்தப் பாத்துட்டு எப்படி இல்லேன்னு சொல்றது? உன் மரம் நாலு பேருக்கு நல்லது பண்ணட்டும்னு நினைச்சேன்."

தம்பி எத்தனை தடவை சொல்லியிருப்பான்! கத்த வேண்டும்போல வந்ததை விழுங்கிக்கொண்டான். முதலில் அந்த மரத்தை நல்ல மரம் என்று ஊரறியச் சொன்னவனே அவன்தான். அவள் அதை நம்பினாள். அவ்வளவுதான்.

"நான் போய்ப் பேசிக்கறேன்" என்றான்.

"நீ எதுக்குப் போற? கொடுத்த கை என்னோடது. நானே போறேன்."

மறுநாள் அக்கா இரண்டு தொட்டிகளையும் வலையோடு அட்டைப்பெட்டியில் இறக்கி, மாமாவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர்கள் இருவரும் தொட்டியைப் பார்த்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், ஒப்புக்கொண்டார்கள். மீசைக்காரர் மசியவில்லை. "நீங்க கொடுத்த மரம்தான் எனக்குக் கடைசியா மிச்சம். கொடுத்துட்டுத் திரும்ப வாங்க வந்திருக்கீங்களா?" என்று உள்ளே போய்விட்டார். அக்கா வெளி வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவருடைய மனைவி தண்ணீர் கொடுத்தாள். பிறகு காப்பி கொடுத்தாள். பிறகு சாப்பிடச் சொன்னாள். அக்கா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள், எழுந்துபோக மட்டும் மறுத்துவிட்டாள். மாமா மீசைக்காரரின் பழுதான நீரேற்றும் மோட்டாரைக் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் மோட்டார் ஓடியது. மீசைக்காரர் வெளியே வந்தார்.

"ஏம்மா, இன்னைக்கு இங்கயேதான் இருக்கப் போறீங்களா?"

"இருந்துட்டுப் போறேன். நான் கொடுத்தது தப்புண்ணே. இத விட்டா உங்களச் சுத்தி இருக்கற நாலு தோட்டமும் போகும். பாத்துக்கிட்டு எப்படி வீட்டுக்குப் போறது?"

அவர் தொட்டிகளைத் திரும்பவும் பார்த்தார். வளையம் விழுந்த இலையை வலைக்கு மேலாக விரலால் தொட்டார். "உங்க தோட்டத்துல எப்போ?" என்று கேட்டார்.

"வெள்ளிக்கிழம."

"முதல்ல உங்களோடது போகட்டும். நான் வந்து பாக்குறேன். அடுத்த நாள் என்னோடது."

சொன்னபடி வந்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து இருவரும் வந்தார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் தன் வேலியோரத்துப் பீச் வரிசையை அதற்கு முந்தின நாளே எடுத்துவிட்டிருந்தார். வண்டி முதல் மரத்தைச் சங்கிலி போட்டு இழுத்தது. ஈர மண்ணோடு வேர் மேலே வந்தது. பார்க்க எந்தக் குறையும் இல்லாத மரம். கிளைகளில் இலைகள் அப்போதும் பளபளத்தன. அக்கா கைகளைக் கட்டிக்கொண்டு கடைசி மரம் வரை நின்றாள். பக்கத்துத் தோட்டக்காரர் வேலியைத் தாண்டி வந்து அவள் பக்கத்தில் நின்றார். எல்லாம் முடிந்ததும் அவர், "சாப்பிட்டீங்களாம்மா?" என்று கேட்டார். அதற்குத்தான் அக்காவுக்கு அழுகை வந்தது.

தம்பி அன்று ஊருக்குத் திரும்பவில்லை. மறுநாள் காலை நேராக நிலையத்துக்குப் போனான். இத்தனை காலமும் தான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தப்பு என்று அவனுக்கு வழியெல்லாம் தோன்றிக்கொண்டிருந்தது. எந்தச் செடி நோயைத் தாங்குகிறது என்று பார்த்தான். எந்தச் செடி நோயை உள்ளேயே விடவில்லை என்று பார்க்கவில்லை. அப்படி உள்ளே விடாத செடி எப்படி இருக்கும்? யோசித்துக்கொண்டே கண்ணாடிக் கூடத்துக்குள் நுழைந்தவன் நின்றான்.

ஒட்டம்மா கடைசி மேசையைக் காலி செய்துகொண்டிருந்தாள். கருகிய தண்டுகளோடு செடிகள் குப்பை வண்டியில் கிடந்தன.

"என்னம்மா பண்றீங்க?"

"நாலாவது தடவயும் பிடிக்கல சார். எனக்குக் கை போயிடுச்சு போல. கண்ணு டாக்டர்கிட்டகூடப் போய்ட்டு வந்தேன். கண்ணு நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. இத எடுத்துப் போட்டுட்டு, டைரக்டர்கிட்ட வேற வேல கேக்கலாம்னு…"

தம்பி குப்பை வண்டிக்குள் கையை விட்டு ஒரு செடியை எடுத்தான். மொட்டு வைத்த இடம் நிலக்கரிபோல் கறுத்திருந்தது. கருகல் அந்த இடத்தைச் சுற்றி ஒரு விரல்கடை போய் அங்கேயே நின்றிருந்தது. அதற்குக் கீழே பட்டையைக் கீறிப் பார்த்தால் ஈரப் பச்சை.

"நல்ல மொட்டு வச்சுப் பாத்தீங்களா? நோய் இல்லாத மொட்டு?"

"அத யாரு வைக்கச் சொன்னா? நீங்க நோய் மொட்டுதானே வைக்கச் சொன்னீங்க."

"ஒண்ணு வைங்க. இப்பவே."

நோயில்லாத மொட்டுகளை வைத்துக் கட்டினாள். வண்டியிலிருந்து மீட்ட செடிகள் திரும்ப மேசைக்கு ஏறின. ஒட்டு பிடிக்க எடுத்துக்கொள்ளும் நாட்களில் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பதைத் தவிர்த்தார்கள். நாடாவை அவிழ்த்தபோது அத்தனை மொட்டும் பச்சையாகப் பிடித்திருந்தது.

ஒட்டம்மா பிடித்த மொட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தாள். "அப்ப என் கை இல்லயா?"

"இல்லம்மா. செடிதான். வைரஸ் உள்ள வந்த உடனே, வந்த இடத்த அது தானே சாகடிச்சுடுது. அந்த இடம் செத்ததும் வைரஸுக்கு அதுக்கு மேல போக வழி இல்ல. விரல்ல விஷம் ஏறினா விரல வெட்டிப் போடுற மாதிரி." கருகலுக்குக் கீழே இருந்த இலைகளை அவன் ஏற்கெனவே அரைத்துப் பார்த்திருந்தான். ஒரு குழிகூட மஞ்சளாகவில்லை. இந்த முறை கன்றோடு நிறுத்திக்கொள்ளாமல் வருடா வருடம் பார்ப்பது என்றும் முடிவு செய்திருந்தான். "அன்னைக்கு நீங்க வந்து சொன்னப்ப நான் காது கொடுத்துக் கேக்கல."

"ஆமா, கேக்கல" என்றாள் ஒட்டம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாலு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. அந்தக் கண்ணு டாக்டர் செலவ யாரு கொடுப்பா?" என்றாள்.

அந்தச் செடிகளின் தாய்மரம் நிலையத்தின் பின்மதில் ஓரமாகக் காட்டுச்செடிபோல் நின்ற ஒரு குட்டை மரம். அதிலும் நோய் மொட்டு வைத்தார்கள், அதிலும் கருகியது. ஆனால் அதன் பழம் கோலிக்குண்டு அளவுதான். அக்கா கேள்விப்பட்டு, குளிர்பதனப் பெட்டியில் மிச்சமிருந்த ஒன்றை வாங்கிக் கடித்துப் பார்த்தாள். ஒரு கண் தானாக மூடிக்கொண்டது.

"இத யாருடா வாங்கித் திம்பா?"

"யாரும் திங்க மாட்டாங்க. இதோட பூவுல இனிப்பு மரத்து மகரந்தத்த வைக்கணும். வர்ற பிள்ளைங்கள்ல எதுக்கு இதோட குணமும் அதோட ருசியும் வந்திருக்குன்னு தேடணும்."

"எவ்வளவு காலமாகும்?"

"முளைக்கணும், வளரணும், பூக்கணும், காய்க்கணும். அப்புறம் நோய் வச்சுப் பாக்கணும். பத்து வருஷம்னு வச்சுக்கோ."

"அதுக்குள்ள எனக்குப் பல்லு இருக்குமா?"

"பழம் மெத்துன்னு இருக்கற மாதிரி பாத்துக்கறேன்."

அக்கா வெறும் நிலத்தில் பீன்ஸும் பூசணியும் போட்டாள். பூசணிக் கொடி வேலி தாண்டிப் போய் அந்தப் பக்கம் காய்த்தது. பக்கத்துத் தோட்டக்காரர் பறித்துக் கொண்டுவந்து கொடுத்தார். பாதியை அவரிடமே திருப்பி அனுப்பினாள். மாமா பூசணிக்கு எதிராக நாள்தோறும் குரல் கொடுத்தார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

குளிர் விட்டு மரங்கள் மொட்டுக் கட்டியதும் நிலையத்தில் ஆள் போதவில்லை. பூ விரிந்து தேனீ வந்துவிட்டால் எந்த மகரந்தம் எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. விரிவதற்கு முன்பே வேலையை முடித்தாக வேண்டும். அக்கா தானாகவே வந்தாள். ஒட்டம்மா அவளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். மொட்டை விரல் நகத்தால் மெல்லத் திறந்து, ஆண் இழைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, நடுவிலுள்ள சூலகத்தின் தலையில் தூரிகையால் மஞ்சள் பொடியைத் தொட்டு வைக்க வேண்டும். பிறகு கிளைக்கு மெல்லிய துணிப்பை மாட்டிவிட வேண்டும். முதல் நாள் அக்கா கிள்ளியதில் பாதி மொட்டுகள் கையோடு வந்துவிட்டன. "இது என்ன, கீரையா ஆயறீங்க?" என்றாள் ஒட்டம்மா. அக்காவை அப்படி அதட்டி யாரும் பார்த்ததில்லை. அக்கா மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு அடுத்த மொட்டைத் தேடினாள்.

வாரம் முடிவதற்குள் அவள் கை பழகிவிட்டது. குட்டை மரத்தின் மேல்கிளைகளுக்காக ஏணி போட்டு ஏறினாள். கீழே தம்பி ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். மகரந்தப் பொடியிருந்த கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்த மாமாவுக்குத் தும்மல் வந்தது.

"கிண்ணத்த தள்ளிப் பிடிங்க! அத்தனையும் போயிடும்!" என்று மேலேயிருந்து அக்கா அலறினாள்.

மாமா கிண்ணத்தைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஓடிப்போய் மதிலுக்கு அந்தப் பக்கம் தும்மிவிட்டு வந்தார். அக்கா ஒரு மொட்டைத் திறந்து, நாக்கு நுனியை நீட்டிக்கொண்டு தூரிகையை மெல்ல வைத்து எடுத்தாள்.

"இதுல அம்மா யாரு, அப்பா யாருடா?"

"நீ ஏறி நிக்கறது அம்மா. கிண்ணத்துல இருக்கறது அப்பா."

"புளிப்பு அம்மா, இனிப்பு அப்பா." அக்கா பையை மாட்டி, கழுத்தை இறுக்கிக் கட்டினாள். "நம்ம வீட்டுல மாதிரியே" என்று கீழேயிருந்து மாமா சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை. அவள் அடுத்த கிளையை எட்டிப் பிடித்து, "ஏணிய இந்தப் பக்கம் கொஞ்சம் நகத்து" என்றாள்.